அடுத்த ஊர்ப் பெரியவர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பஸ்ஸில் வீடு திரும்பிய பழைய மாணவிகளுக்கு அந்தச் சந்தி நினைவிருக்கும். சாய்ந்தமருது முடிந்து, மாளிகைக்காடு கடந்து, காரைதீவுச் சந்தியில் பஸ் நின்றால் நம்மில் பாதிப்பேர் இறங்கிவிடுவார்கள். சம்மாந்துறைப் பிள்ளைகள் அங்கே அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனைப் பிள்ளைகள் காலியான ஜன்னலோரத்து இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இன்று அந்தச் சந்தியில் சிலையாக நிற்பவர் விபுலாநந்த அடிகள். கனடாவிலும் கத்தாரிலும் இலண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம் தோழிகள் அந்தச் சிலையைக் கடந்துதான் உம்மா வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ போகிறார்கள்.

படிக்கும் காலத்தில் அவரைப் பற்றி நாங்கள் மனனம் செய்தது ஐந்தாறு வரிதான். பிறந்த ஊர் காரைதீவு, இயற்பெயர் மயில்வாகனன், எழுதிய நூல் யாழ்நூல், முதலாவது தமிழ்ப் பேராசிரியர். அத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஒருநாள் தமிழ்ப் பாடத்தில் எங்கள் வகுப்பிலே ஒருத்தி, அவர் அவங்கட ஆள்தானே, நாம ஏன் படிக்க வேணும் என்று கேட்டுவிட்டாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் சிலர் இடையிலேயே வராமல் போயிருந்த காலம். ஆசிரியை அதற்கு ஏதோ பதில் சொன்னார். எங்களுக்கு அது விளங்கவில்லை. கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

நூற்றாண்டு மலருக்காக இந்தக் கரையோரத்துப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் வந்து நின்றதும் அதே கேள்விதான். நாங்கள் வரலாறு படித்தவர்கள் அல்லர், வைத்தியத் தொழில் செய்பவர்கள். ஆனாலும் ஒருவரின் பிறப்பு, வளர்ப்பு, குடும்பம், ஊர் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிய பிறகுதான் அவரைப் பற்றி முடிவுக்கு வரவேண்டும் என்பது எங்கள் தொழில் கற்பித்த ஒழுங்கு. அந்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறோம்.

அடிகள் பிறந்தது 1892 மார்ச் மாதம் 27ஆந் திகதி. தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பிள்ளைக்கு முதலில் வைத்த பெயர் தம்பிப்பிள்ளை என்பர். குழந்தை கடுமையாக நோயுற்றதால் கதிர்காமத்துக்கு நேர்ந்து, சுகமான பின் மயில்வாகனன் என்று பெயரை மாற்றினார்களாம். பிள்ளை தப்பினால் பெயரை மாற்றுவதும் நேர்த்தி வைப்பதும் இந்தக் கரையில் புதிதல்ல. எங்கள் விடுதிக்கு வரும் தாய்மார் சிலர் இன்றைக்கும் அதைச் செய்கிறார்கள். மருந்தையும் கொடுக்கிறார்கள், நேர்த்தியையும் வைக்கிறார்கள். நாங்கள் குறுக்கே நிற்பதில்லை.

வெளிநாட்டிலே பிறந்து வளரும் உங்கள் பிள்ளைகளுக்காக ஊரின் அமைப்பைச் சொல்லவேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு, அதன்மேல் ஒரே வீதி. அந்த வீதியில் ஊர்கள் மாறி மாறி வரும். மருதமுனையில் தறிச் சத்தம் ஓய்ந்தால் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில். கல்முனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கழிந்தால் காரைதீவின் கண்ணகை அம்மன் கோயில். அப்புறம் நிந்தவூர்ப் பள்ளிவாசல். ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை மதிலும் வேலியும் பார்த்து வெளியூரார் கண்டுபிடிக்க முடியாது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிந்தது. அடிகளின் காலத்தில் இவை எல்லாம் மட்டக்களப்பு. அதனால்தான் நூல்கள் அவரை மட்டக்களப்பார் என்கின்றன.

இந்த ஊர்களின் தமிழரும் முஸ்லிம்களும் மார்க்கத்தில் வேறானவர்கள். ஆனால் இரு பகுதியாருக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு. இரு பகுதியிலும் வீடு பெண்பிள்ளைக்கு எழுதப்படுகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். பேச்சிலே அவர்களும் மறுகா என்கிறார்கள், நாங்களும் மறுகா என்கிறோம். கொழும்பிலே மருத்துவம் படிக்கப் போனபோது எங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும் யாழ்ப்பாணத்துத் தோழிகள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் காரைதீவுக்காரி ஒருத்தியும் அதே சொல்லுக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே ஊராகிவிட்டோம்.

மயில்வாகனனுக்கு எழுத்தறிவித்தவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். பிறகு கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலை. காரைதீவிலிருந்து கல்முனைக்கு வரச் சாய்ந்தமருதைக் கடக்காமல் வழியில்லை. ஆகவே அந்தப் பிள்ளை வளர்ந்தது கண்ணகை அம்மன் கோயிலுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மிஷன் பாடசாலைக்கும் இடையிலே என்று சொல்வது மிகையாகாது. வைகாசியிலே சடங்கு வரும். கண்ணகியின் வழக்குரை பாடப்படும், கடைசியில் அவளின் கோபத்தைத் தணிக்கக் குளிர்த்தி பாடுவார்கள். சிலப்பதிகாரத்தை ஏட்டிலே படிப்பதற்கு வெகுகாலம் முந்தியே இந்தக் கரையின் பிள்ளைகள் அந்தக் கதையைக் காதால் கேட்டிருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

அடுத்துச் சென்றது மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரி. அங்கே பொனல் அடிகளாரிடம் கணிதம் படித்தார். 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிஜ் சிரேஷ்ட பரீட்சையில் தேறினார். படித்த இடத்திலேயே ஆசிரியரானார், கல்முனைக் கத்தோலிக்கப் பாடசாலையிலும் சிறிதுகாலம் கற்பித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமா, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். இலங்கையிலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதலாமவர் அவரே. அப்பால் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். முப்பது வயதுக்குள் இவ்வளவும்.

ஒரே ஆளிடம் பௌதிகமும் பண்டிதத் தமிழும் சேர்ந்திருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர்தரத்திலே விஞ்ஞானம் எடுத்த நாளோடு தமிழைக் கட்டி வைத்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

1922இல் எல்லாவற்றையும் விட்டு, சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். அங்கிருந்தபோது இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ்ச் சஞ்சிகையையும் வேதாந்த கேசரி என்ற ஆங்கிலச் சஞ்சிகையையும் நடத்தினார். அதே காலத்தில் எழுதிய மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. நாடகத்தைப் பற்றிய நூல் அது. சிலப்பதிகார உரையையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்திருந்தார். தன் பொருளை அறிய அயலான் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவரிடம் அப்போதே இருந்தது.

1925இல் ஊர் திரும்பியபின் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்தா வித்தியாலயம். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினார். காரைதீவிலே பெண்பிள்ளைகளுக்குச் சாரதா வித்தியாலயம். இந்த மலரைப் படிப்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானதும் பாடசாலையை நிறுத்திவிடும் வழக்கம் இந்தக் கரையின் எல்லா ஊர்களிலும் இருந்தது. அதில் தமிழர் முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லை. எங்கள் மூத்தம்மாமார் பலர் கையெழுத்து வைக்கத் தெரியாமலே மௌத்தானார்கள். ஓர் ஊரிலே பெண்களுக்குப் பாடசாலை திறந்தால் அடுத்த ஊரின் வாப்பாமாருக்கும் அதைப் பார்த்து ஒரு யோசனை வரும். இந்த வீதியின் பெண்கள் பாடசாலைகள் பல அப்படித்தான் ஒன்றைப் பார்த்து மற்றொன்று முளைத்தவை.

1931இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பகலிலே பல்கலைக்கழகம், மாலையிலே பக்கத்துத் திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம். தமிழ்ப் புலவர்கள் பலர் பாரதியைக் கவிஞராக ஏற்கத் தயங்கிய நாளில் பாரதியைப் பற்றிப் பேசினார். கலைச்சொல்லாக்கக் குழுக்களில் இருந்து, இரசாயனத்துக்கும் பிற விஞ்ஞானப் பாடங்களுக்கும் தமிழ்ச் சொல் தேடினார். பிற்காலத்தில் 1939 தொடக்கம் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதியில் இருந்து பிரபுத்த பாரத என்ற ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை. நாம் யாழுக்குப் போவோம்.

யாழ் என்பது தமிழரின் பழைய நரம்புக் கருவி. அடிகள் அதைத் தேடத் தொடங்கியபோது அதை வாசிக்கத் தெரிந்தவரோ, பார்த்தவரோ, செய்யத் தெரிந்தவரோ உலகில் எவரும் இல்லை. பல நூற்றாண்டுக்கு முன்பே அது வழக்கிழந்துவிட்டது. எஞ்சியிருந்தவை செய்யுள்கள், உரைகள், சில சிற்பங்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதியைச் சொல்லும் இருபத்தைந்து அடிகள் உண்டு. படித்தவர்களுக்கே பொருள் பிடிபடாத அடிகள். அந்த இருபத்தைந்து அடிக்கு விரிவுரையாகவே யாழ்நூல் எழுந்தது. அதற்குச் செலவான காலம் பதினான்கு ஆண்டுகள் என்று கணக்கிடுவர்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழந்தமிழில் ஏழு சுரங்களுக்குப் பெயர். ஒரு நரம்பை மீட்டினால் வருவது குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நரம்பின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் இளி பிறக்கும். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் இது பௌதிகம். அடிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். உரையாசிரியர்கள் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கணக்காக மாற்றினார். நரம்புகளின் நீளமென்ன, எத்தனை நரம்பு, பண்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன என்று படிப்படியாகக் கண்டு எழுதினார். இருபத்தொரு நரம்புப் பேரியாழ், பதினான்கு நரம்புச் சகோடயாழ், ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் எல்லாம் பெயரளவில் நின்றுவிடாமல் உருவம் பெற்றன. பின்வந்த இசையாய்வாளர்கள் அவருடைய முடிவுகள் சிலவற்றோடு மாறுபட்டிருக்கிறார்கள். அது ஆய்வுக்கு இயல்பு. நூலின் நடை கடினம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் இரண்டு முறை முயன்றும் முன்பகுதியைத் தாண்டுவதற்கே பெரும்பாடு பட்டோம்.

ஆனால் அவர் ஏன் கண்ணகியின் கதைக்குள் புகுந்து யாழைத் தேடினார் என்பது எங்களுக்கு விளங்குகிறது. பிற இடங்களில் சிலப்பதிகாரம் படித்தவர்களின் நூல். காரைதீவிலே அது வைகாசிச் சடங்கு. அவருக்கு அந்தக் கதை வீட்டுக் கதை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று ஊரார் சொல்வதையும் அவர் கட்டுக்கதை என்று தள்ளவில்லை. நிலவு காலத்திலே கல்லடிப் பாலத்தடியில் எழும் அந்த ஒலியைக் கேட்டு, நீரரமகளிரின் பாட்டு என்று கவிதையாக எழுதினார். கற்றவர் பலர் ஊர்க்கதை என்று ஒதுக்குவதை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். இது எங்கள் கணிப்பு, அறிஞர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

இனிக் கல்முனைக்கு வருவோம். 1942, இரண்டாவது உலகப் போர்க் காலம். பர்மா அரிசி நின்றுபோனது. நெல் விளைச்சலைக் கூட்டுவதற்காகக் கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். அந்த நாட்களில் அவருக்கும் விபுலாநந்த அடிகளுக்கும் நெருக்கமான நட்பு உண்டாயிற்று. ஒருவர் காவியுடுத்த துறவி, மற்றவர் கோட்டுப் போட்ட அரச அதிகாரி. இருவருக்கும் பேச விஷயம் நிறைய இருந்தது. அஸீஸ் அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கினார். அதன் தொடர்ச்சியாகவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி வந்தது. அந்த நிதியால் படித்து முன்னேறியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகவும் எழுத்தாளராகவும் அஸீஸ் பின்னால் பெற்ற பெயரை நீங்கள் அறிவீர்கள்.

1943இல் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ். தென்மேற்குக் கரையின் சிங்களச் சூழலில் வளர்ந்த முஸ்லிம் இளைஞர். தமிழைச் சிறப்பாகப் படிக்கும்படி அவரை ஊக்கியவர் அடிகளே. உவைஸ் அதை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். முஸ்லிம்கள் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், சீறாப்புராணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் காலம் அது. உவைஸ் அந்தப் பொருளிலேயே முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்ற அந்த ஆங்கில நூலை 1953இல் கண்டிப் பக்கத்துக் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் வெளியிட்டது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனப் பேராசிரியராக அமர்ந்து, அஜ்மல்கானோடு சேர்ந்து ஆறு தொகுதிகளில் அதன் வரலாற்றை எழுதினார். காப்பியம், கிஸ்ஸா, மஸ்அலா, நாமா, படைப்போர் என்று யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு பெருஞ் செல்வம் வெளியே வந்தது. எங்கள் மூத்தம்மா ராத்திரியில் ராகம் போட்டு ஓதிய பாட்டுகளுக்கு இலக்கியம் என்று ஒரு பெயர் உண்டென்பதை நாங்கள் அறிந்தது அந்தத் தொகுதிகளைப் பார்த்தபிறகுதான்.

வாங்கிலிருந்து கேட்ட தோழிக்கு அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். தேவாரப் பண்ணுக்குக் கணக்குப் பார்த்த துறவி, தன்னிடம் வந்த முஸ்லிம் மாணவனைத் தமிழுக்குள் அழைத்தார். அவன் அங்கே அவனுடைய முன்னோர் விட்டுப்போனதைக் கண்டெடுத்தான். அவள் இப்போது மெல்பேணில் இருக்கிறாள். இந்த மலர் அவளுக்கும் போகும்.

1947 யூன் 5, 6ஆந் திகதிகளில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. அவர் கணக்கிட்டு அமைத்த யாழ்கள் அங்கே இசைக்கப்பட்டன. பல நூற்றாண்டாக எவரும் கேளாத ஒலி. அடிகளின் உடல்நலம் அப்போதே தளர்ந்திருந்தது. அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரம், யூலை 19ஆந் திகதி கொழும்பில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. வைத்தியராகப் பார்க்கும்போது, ஓய்வெடுக்கவேண்டிய உடம்போடு பிரயாணம் செய்தார் என்று கண்டிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவர் உடம்பைத் தாக்குப்பிடிக்க வைத்திருந்தார் என்றும் தோன்றுகிறது. இப்படியானவர்களை விடுதியிலும் கண்டிருக்கிறோம், மகளின் கலியாணம் முடியட்டும் என்று இருந்துவிட்டு மறுவாரம் கண்ணை மூடுபவர்களை.

உடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்தா வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. இறைவன் விரும்புவது எந்தப் பூவை என்று கேட்டு, அது உள்ளத்தின் பூவே என்று விடை சொல்லும் அவருடைய கவிதை சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயரில் 1982இல் மட்டக்களப்பில் தொடங்கிய இசை நடனக் கல்லூரி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்திருக்கிறது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். அடிகளின் கண் பெரும்பாலும் ஏட்டிலே இருந்தது. வயலிலும் அடுக்களையிலும் பெண்கள் பாடியதைத் தொகுக்கும் வேலையைப் பின்வந்தவர்களுக்கு விட்டுச் சென்றார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகத்தில் இப்பகுதியின் வழக்காறுகளும் பாட்டுகளும் சொற்களும் பதிவாயின. நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களில் நடந்து திரிந்து பாட்டுகளையும் பழமொழிகளையும் சேர்த்தார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொண்ட குடிமுறையை ஆராய்ந்து 2008இல் பெருநூல் ஒன்று எழுதினார். எவ்வளவோ தூரத்திலிருந்து வந்தவர் எங்கள் பெரியம்மாமாரிடம் இருந்து கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டிலே இருந்த நாங்கள் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. பத்தாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஆசிரியை ஓர் ஒப்படை தந்தார். வீட்டிலுள்ள மூத்த பெண்கள் பாடும் கவிகளில் பத்தை எழுதிவர வேண்டும். நாலடிக் கவிகள், வயற்காவலிலும் கதவிடுக்கிலும் பிறந்தவை. அவற்றைப் பெண்பிள்ளைக்குச் சொல்ல மூத்தம்மாமார் வெட்கப்பட்டார்கள். உம்மா இல்லாத நேரம் பார்த்து, பாக்கு இடித்துக்கொண்டே மெல்லிய குரலில் நாலைந்து சொன்னார்கள். அவசரத்தில் எழுதினோம். மிச்சத்தை, இப்போது ஒத்துக்கொள்ளலாம், எங்களில் சிலர் நாங்களாகவே கட்டி எழுதினோம். ஆசிரியைக்கு அது தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறோம். கட்டியவற்றின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், மார்க்கைக் குறைக்கவில்லை.

அந்தக் கொப்பிகளை அவர் திருப்பித் தந்தார். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோனோம், சிலர் வகுப்பிலேயே விட்டுவிட்டோம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது இந்த மாவட்டம். சாய்ந்தமருதிலும் மாளிகைக்காட்டிலும் காரைதீவிலும் கரையோர வீதிகள் சுவடின்றிப் போயின. கவி சொல்லித் தந்த மூத்தம்மாமாரில் சிலரும் அன்றைக்கே போனார்கள். பாடங் கேட்டு எழுதிய எங்கள் தோழிகளில் இருவரும் போனார்கள். அப்படியான நேரத்தில் கொப்பியை யார் தேடுவார்.

சென்ற ஆண்டு காரைதீவுத் தோழி ஒருத்தியின் வீட்டுப் பரணில் ஒரு கொப்பி அகப்பட்டது. அவளுடைய அம்மம்மா பாடிய குளிர்த்தி வரிகள் ஏழு பக்கம். அதன் பின்னட்டையில், ஒப்படைக்கு முந்திய நாள் இரவல் வாங்கி எழுதிய எங்கள் மூத்தம்மாவின் கவிகள் மூன்று. பென்சில் கேள்விக்குறி ஒன்றும் இல்லை, ஆகவே அவை உண்மையானவை. அவளும் நாங்களும் அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

அந்த ஒப்படை மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து தரப்பட்டது என்று பின்னால் படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இருநூறு கொப்பிக்குக் குறையாது. நாற்பது பக்கச் சதுரக்கோட்டுக் கொப்பி, பழுப்பு நிற உறை, முதற்பக்கத்தில் பாட்டியின் பெயர், ஊர், வயது எழுதவேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. எங்காவது அலுமாரித் தட்டிலோ, கடல் தாண்டிப் போன பெட்டியிலோ உங்களுடையது கிடந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கங்களைப் படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். நீங்களே கட்டிய கவிகளையும் சேர்த்தே அனுப்புங்கள், எவை என்பதை மட்டும் குறித்துவிடுங்கள். மூத்தம்மா, அம்மம்மா, அப்பம்மா என்று எவரேனும் இன்னும் இருந்தால், அடுத்த விடுமுறைக்கு வரும்போது முதலில் அவரின் பக்கத்தில் இருந்து பாக்கை இடித்துக் கொடுங்கள். உம்மா கடைக்குப் போகட்டும்.